கிளிவ்டன் - 7: புல்வெளியில் ஒரு வாள்

இரண்டு முறை எரிந்த கிளிவ்டன் மாளிகை சொகுசு ஓட்டலான கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் பக்கிங்ஹாம் டியூக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

அந்த ஓட்டலின் தோட்டத்துத் தரையில் ஒரு வாளின் உருவம். அருகே 1668 என்ற ஆண்டு. வாள் யாருடையது என்று தெரியுமல்லவா? மாளிகையைத் தொடங்கிய பக்கிங்ஹாம் டியூக் ஜார்ஜ் வில்லியர்ஸுடையதுதான். ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி அன்னா மரியாவோடு அவருக்குத் தொடர்பு. ஊருக்கே தெரிந்த விஷயம். பிரபு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சண்டைக்கு அழைத்தார்.

1668 ஜனவரி 16. லண்டனை ஒட்டிய பார்ன் எல்ம்ஸ். பக்கத்துக்கு மூன்று பேர். துணைக்கு வந்தவர்கள் ஓரமாய் நின்று வேடிக்கை பார்க்கும் வழக்கம் அன்று கிடையாது. அவர்களும் வாளை உருவ வேண்டும். டியூக்கின் ஆள் ஜென்கின்ஸ் அங்கேயே விழுந்து செத்தார். பிரபுவின் வலது மார்பில் இறங்கிய வாள் தோள் வழியாக வெளியே வந்தது. இரண்டு மாதம் கிடந்து உயிரை விட்டார். அதற்குள்ளாகவே மன்னர் இரண்டாம் சார்லஸ் டியூக்குக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். பால்ய சிநேகிதன் அல்லவா!

அன்னா மரியா பணியாள் வேடமிட்டு, டியூக்கின் குதிரையைப் பிடித்தபடி கணவன் வெட்டுப்படுவதைப் பார்த்தாள் என்றொரு கதை உண்டு. சுத்தக் கட்டுக்கதை, அப்போது அவள் பிரான்சில் இருந்தாள். பிறகு டியூக் அவளைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்தார். அவளும் நானும் ஒரே வீட்டிலா என்று மனைவி கேட்க, அப்பா வீட்டுக்குப் போக உனக்கு வண்டி தயார் என்றாராம். காதில் விழுந்த இதை அக்காலத்தில் வாழ்ந்த பெப்பிஸ் என்பவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். டியூக்கைச் சிலர் ரசிகர் என்கிறார்கள், நாடகாசிரியர் என்கிறார்கள். எனக்கு அவர் அயோக்கியர்தான்.

ஆனால் அயோக்கியர் கட்டியதில் ஒன்று மட்டும் நிலைத்தது. 1795-இல் தீ, நடு மாளிகை போயிற்று. 1849-இல் மறுபடியும் தீ. இன்று அறை எடுத்துத் தங்குவது சார்லஸ் பாரி 1851-இல் எழுப்பிய கட்டடத்தில். சுவர்களுக்கு ரோமன் சிமெண்ட் பூச்சு: களிமண் கலந்த சுண்ணாம்புக் கட்டிகளைச் சுட்டு அரைத்தது, குழைத்த சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். டியூக் காலத்தது எனத் தப்பி நிற்பது தெற்கு மேடைத்தளம், கீழே செங்கல் வளைவுகளோடு. அண்மையில் பழுதுபார்த்தவர்கள் மல்லுக்கட்டியதும் இதோடுதான். மழை பெய்தால் மேலிருந்து நீர் இறங்கி வளைவுகளுக்குள் சொட்டிக்கொண்டே இருந்தது.

மாளிகையின் அன்றைய சொந்தக்காரர்களான ஆஸ்டர் குடும்பம் 1942-இல் அதைத் தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்ததும், ஓட்டல் வந்ததும், கசிவை எப்படி அடைத்தார்கள் என்பதும் அடுத்த வாரம். டியூக் வழிவிட்டால்.