ஒயிட்ஃபீல்டு: வட்டமாக வகுக்கப்பட்ட ஊரும் அதன் ஆட்சியும்

பெங்களூரின் கிழக்கே, மென்பொருள் வளாகங்களுக்கு நடுவில், ‘இன்னர் சர்க்கிள்’ என்னும் வட்டச்சாலை ஒன்று இன்றும் இருக்கிறது. சுற்றுப்புறச் சாலைகள் எவற்றோடும் ஒட்டாத அதன் வடிவம், ஆங்கில நாட்டுப்புறச் சிற்றூர் ஒன்றை மைசூர் நாட்டின் வறண்ட மேட்டுநிலத்தில் நட்டு வளர்க்க முயன்றதன் எச்சம்.

1881இல் மைசூர் அரசு ஆங்கிலேயரிடமிருந்து உடையார் வம்சத்துக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே பத்தாம் சாமராஜ உடையார் ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை யுரேசியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு வழங்கினார். அதற்காக முயன்றவர் சென்னைச் சங்கத்தின் தலைவர் டி. எஸ். வைட், ஊரும் அவர் பெயரையே தாங்கியது. ‘ஆங்கிலோ இந்தியர்’ என்னும் சொல் அன்று பெரும்பாலும் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரைக் குறித்தது. கலப்பு மரபினரை ‘யுரேசியர்’ என்றனர். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் காலத்தில்தான் இவ்வழக்கு மாறியது. அரசுப்பணிகளில் கல்வி கற்ற இந்தியரின் போட்டி பெருகிய நிலையில், யுரேசியர் நிலம் சார்ந்த உழவர் குடிகளாக வேண்டும் என்பது வைட்டின் எண்ணம். அந்த அச்சம் பொய்யன்று. மருந்துதான் பொருத்தமற்றது எனலாம். எழுத்தராகவும் ரயில்வே ஊழியராகவும் பழகிய சமூகம், ஏரிப்பாசனத்தையும் மானாவாரிக் கேழ்வரகையும் நம்பிய மண்ணில் ஒரு தலைமுறைக்குள் உழவராவது எளிதன்று.

நிலக்கொடை நிகழ்ந்தபோது திவானாக இருந்தவர், செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த தமிழர் சி. ரங்காசார்லு. 1881 அக்டோபரில் 144 உறுப்பினர்களுடன் மைசூர்ப் பிரதிநிதிகள் சபையைக் கூட்டியவரும் அவரே. இவ்விரு செயல்களையும் சேர்த்து நோக்குவோர் குறைவு. குடிகளின் குரலைக் கேட்க ஓர் அவையை அமைத்த அதே அரசு, தனிக்குடியேற்றம் ஒன்றின் பொறுப்பை ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தது.

அவ்வூர் வெற்றிடத்தில் எழவில்லை. அருகிலுள்ள பட்டந்தூரில் ஏரி அமைக்கப்பட்ட செய்தியை 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பட்டேல் வரி தண்டினார், சானுபோகர் கணக்கெழுதினார், தலையாரி காவல் புரிந்தார், நீர்கண்டி ஏரிநீரை வயல்களுக்குப் பங்கிட்டார். இவர்கள் பதவி பெரும்பாலும் பரம்பரையானது, மானியநிலத்தால் நிலைத்தது. ஒயிட்ஃபீல்டின் குடியேற்றமோ சங்கத்தின் உறுப்பினர், விதி, குத்தகை ஆகியவற்றைச் சார்ந்தது. இரண்டும் தேர்தல் வழிப்பட்ட ஊராட்சி அல்ல என்பது கருதத்தக்கது.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கும் நெடுங்காலம் சிற்றூர் நிர்வாகம் தேவாலயப் பங்கின் ‘வெஸ்ட்ரி’ கூட்டத்திடமே இருந்தது; நிலவுடைமையாளரும் பாதிரியாரும் அதில் மேலோங்கினர். 1894ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டமே சமயஞ்சாராப் பங்கு மன்றங்களை நாட்டுப்புறங்களில் தோற்றுவித்தது; மணமான பெண்களும் அவற்றுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் வழிவகுத்தது. 300 பேருக்குக் குறைவான ஊருக்கு மன்றம் கட்டாயமன்று. குடிகள் நேரே கூடும் பங்குக் கூட்டமே போதும். ஒயிட்ஃபீல்டின் தொடக்ககாலக் குடிகள் அவ்வரம்புக்குள் அடங்கும் சிறு தொகையினரே. இங்கிலாந்தில் இருந்திருப்பின், சட்டப்படி கூடிப் பேசும் உரிமையேனும் அவர்களுக்கு வாய்த்திருக்கும். இங்கே வட்டச்சாலையும் தேவாலயமும் தோட்டவீடுகளும் வந்தன. ஆங்கிலச் சிற்றூரின் அந்த அரசியல் உறுப்பு மட்டும் வரவில்லை.

(1896 முதல் பெங்களூரில் பணியாற்றிய இளம் சர்ச்சில், இங்குள்ள வேவர்லி விடுதிக்காரரின் மகளை விரும்பினார் என்ற கதை சுற்றுலாக் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். அதற்குச் சான்று காட்டுவோர் அரியர். நிலப்பதிவேடுகளைத் தேடுவது இதனினும் பயன் தரும்.)

1947க்குப் பின் பலர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். 1933இல் இன்றைய ஜார்க்கண்டில் தோன்றிய மக்ளஸ்கிகஞ்சும் இவ்வாறே ஆளின்றித் தேய்ந்தது. ஆனால் இரண்டின் முடிவும் ஒன்றல்ல. அங்கே வீடுகள் வெறுமையாயின. இங்கே 1990களில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் நிலத்தின் விலையே ஊரைக் கரைத்தது.

ஆட்சியும் அதற்கேற்ப மாறியது. மகாதேவபுர நகராட்சி உள்ளிட்ட ஏழு நகராட்சிகளும் கெங்கேரி பேரூராட்சியும் 110 சிற்றூர்களும் 2007இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுப் பெருநகர மாநகராட்சி உருவானது. ஊராட்சி உறுப்பினரை வாசலில் கண்டு பேசிய சுற்றுப்புறச் சிற்றூர்களும் 198 வார்டுகள் கொண்ட அமைப்பில் கரைந்தன. அதன் முதல் தேர்தல் 2010இல், அடுத்தது 2015இல். 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஐந்தாண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின்றி, அரசு நியமித்த நிர்வாகியின் கீழ்க் கழிந்தன. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோது ஒயிட்ஃபீல்டு பெங்களூர் கிழக்கு மாநகராட்சிக்குள் வந்தது. குப்பை, குடிநீர், சாலைப்பள்ளம் பற்றிய முறையீடுகளைத் திரட்டி அதிகாரிகளிடம் கொண்டுசேர்ப்பவை, அவ்விடைக்காலத்தில், பெரும்பாலும் குடியிருப்போர் சங்கங்களாகவே இருந்தன. அவற்றில் வாக்களிக்கும் உரிமை வீட்டு உரிமையாளருக்கே என்பது பல வளாகங்களின் வழக்கம். வாடகைக் குடியினருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் அதில் இடமில்லை.