ரயில் கடைசியில் உறுமிய ஜெனரேட்டர் பெட்டி எங்கே போச்சு? ‘எச்ஓஜி’ என்றால் என்ன?

எல்எச்பி பெட்டிகள் கொண்ட எக்ஸ்பிரஸ் ரயில்களில் முன்னும் பின்னும் ஜெனரேட்டர் பெட்டி இருந்தது நினைவிருக்கிறதா? ரயிலை இழுப்பது மின்சார இன்ஜின்தான் என்றாலும் லைட், ஃபேன், ஏசிக்காக அது டீசல் குடித்துக்கொண்டே வரும். பிளாட்ஃபார்மில் அதன் பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும், பேசினாலும் காதில் விழாது, புகை வேறு.

இதற்கு ரயில்வே கொண்டுவந்த மாற்றுதான் எச்ஓஜி, அதாவது ‘ஹெட் ஆன் ஜெனரேஷன்’. 25 ஆயிரம் வோல்ட் மேல்நிலைக் கம்பியிலிருந்து இன்ஜின் எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கை, இன்ஜினில் உள்ள கன்வெர்ட்டர் 750 வோல்ட்டாக மாற்றி பெட்டிகளுக்கு அனுப்பும். அவ்வளவுதான் விஷயம்.

அப்போ ஜெனரேட்டரே வேண்டாமா? வேண்டும். எச்ஓஜி பழுதானாலோ, மின்கம்பி இல்லாத பாதையில் டீசல் இன்ஜின் மாட்டினாலோ ஏசி ஓடணுமே! அதனால் ஒன்றை மட்டும் அவசரத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றின் இடத்தில் வருவதுதான் பயணிகளுக்கு லாபம். முன்பதிவில்லா இருக்கைகள், மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், லக்கேஜ் அறை, கார்டு அறை எல்லாம் சேர்ந்த பெட்டி அது. கூட்ட நெரிசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2030-க்குள் நிகர பூஜ்ய கார்பன் உமிழ்வு என்பது ரயில்வேயின் இலக்கு. பிளாட்ஃபார்மில் புகை குறைந்தது நிஜம். ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்துத்தான் கிடைக்கிறது.