இந்திய நிதியமைச்சர்

ஒன்றிய அரசின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றுக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும் பொறுப்பு நிதியமைச்சருடையது. அரசியலமைப்பின் 112-ஆம் பிரிவு கோரும் ஆண்டு நிதிநிலை அறிக்கையைக் குடியரசுத் தலைவரின் சார்பில் அவையில் வைப்பவர் இவர். ஆனால் சட்டத்தின் துணையின்றி ஒரு வரியும் விதிக்க முடியாது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றிச் செலவிடவும் முடியாது. வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பதும் இவரல்லர். 2016 முதல் அந்த வேலை ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழுவிடம் இருக்கிறது.

பதவியின் வேர் 1857 எழுச்சியில் இருக்கிறது. அதை ஒடுக்கிய செலவில் கடன்பட்டிருந்த காலனிய அரசு, லண்டன் ‘எக்கனாமிஸ்ட்’ இதழை நிறுவிய ஜேம்ஸ் வில்சனைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தது. தலைமை ஆளுநரின் அவையில் நிதி உறுப்பினரான அவர், 1860-இல் இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்து வருமான வரியையும் கொண்டுவந்தார். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்தார். அதனால் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சன் அதே ஆண்டில் கல்கத்தாவில் இறந்தார். சில ஆண்டுகளுக்குள் அதே நிதி உறுப்பினர் பதவிக்கு டிரெவெல்யனே வந்துசேர்ந்தார். இந்தியர் கைக்கு நிதித்துறை வர 1946-இன் இடைக்கால அரசு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். நீதிக்கட்சிக்காரர், கொச்சியின் முன்னாள் திவான், காங்கிரசுக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர். 1947 நவம்பர் 26-இல் அவர் அளித்த வரவு செலவுத் திட்டம் ஏழரை மாதங்களுக்கானது. பிரிவினையின் சுமை அதில் முழுவதும் தெரிந்தது. வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சிலர் பெயர் நீக்கப்பட்ட சர்ச்சையில் 1948-இல் விலகினார். அடுத்து வந்த ஜான் மத்தாய், திட்டக்குழு இரண்டாவது அமைச்சரவையாக வளர்வதை எதிர்த்து 1950-இல் விலகினார். சி. டி. தேஷ்முக் 1956-இல், மாநில மறுசீரமைப்பில் பம்பாய் நகரம் யாருக்கு என்ற பிரச்சினையில் வெளியேறினார்.

இந்த வரிசையில் நாடாளுமன்றத்துக்கு மிகவும் பெருமை சேர்த்தது டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் விலகல். அவர் 1957-இல் சொத்து வரியையும் செலவின வரியையும் கொண்டுவந்தவர். அதே ஆண்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கேள்வி எழுப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. நீதிபதி எம். சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, நிதிச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலக, அந்த ஆண்டின் திட்டத்தை நேருவே அளித்தார். நிதிச் செயலாளராக இருந்த எச். எம். படேல் பின்னாளில் ஜனதா ஆட்சியில் நிதியமைச்சரானார். கிருஷ்ணமாச்சாரியும் 1963-இல் மீண்டும் நிதித்துறைக்கு வந்தார்.

பிரதமரின் நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தப் பதவிக்கு வலிமை இல்லை என்பதை 1969 காட்டியது. பத்து வரவு செலவுத் திட்டங்களை அளித்த மொரார்ஜி தேசாயிடமிருந்து ஜூலையில் நிதித்துறை பறிக்கப்பட்டது. சில நாட்களில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1991-இல் இதற்கு நேர்மாறு. அந்நியச் செலாவணி வற்றி, தங்கத்தை அடகு வைத்த ஆண்டு அது. பிரதமர் நரசிம்ம ராவ் துணை நின்றதால்தான் நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் தளர்ந்த அந்த ஆட்சியில் நிதித்துறையைத் துணிந்து நடத்த முடிந்தது.

நிதித்துறையை முழுநேரமாக ஏற்ற முதல் பெண், மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன், 2019-இல் பொறுப்பேற்றார். அதற்கு முன்பே, 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, மறைமுக வரிகளின் பெரும்பகுதியை ஒரு மன்றத்தின் முடிவுக்கு மாற்றியிருந்தது. மன்றத்தின் தலைவர் ஒன்றிய நிதியமைச்சர்தான். ஆனால் வாக்கு மதிப்பில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநில நிதியமைச்சர்களின் உடன்பாடின்றி அங்கே எந்த வரி விகிதத்தையும் அவர் மாற்ற முடியாது.