கழுத்துக் கட்டியும் கால்சிடோனினும்: ஒரு அபூர்வப் புற்றுநோயைக் கண்டுபிடித்த கதை

கழுத்துல கட்டின்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது அயோடின் குறைபாடுதான். பெரும்பாலான தைராய்டு கட்டிகள் ஆபத்தில்லாதவை. ஆனால் அயோடினோடு சம்பந்தமே இல்லாத ஒரு புற்றுநோயும் அங்கே வரும். பெயர் மெடுல்லரி. தைராய்டு புற்றுநோய்களில் 100க்கு 5க்கும் குறைவுதான்.

1959 வரைக்கும் இதுக்குத் தனிப் பெயர் நிலைக்கலை. நுண்ணோக்கியில் பார்த்தா ரொம்பக் கொடிய வகை மாதிரி தெரியும். ஆனா நோயாளிகள் பல வருஷம் உயிரோடு இருந்தாங்க. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ஹஸார்ட், ஹாக், கிரைல் என்ற மூணு மருத்துவர்கள்தான் இது தனி நோய்னு பிரிச்சுக் காட்டினாங்க. கட்டிக்குள்ள அமைலாய்டு என்ற புரதம் படிஞ்சிருப்பதும் ஒரு அடையாளம்.

1961ல் சிப்பிள் இன்னொண்ணைக் கவனிச்சார். தைராய்டு புற்றுநோய் இருக்கிற சிலருக்கு அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருந்தது. அடுத்த வருஷம் கனடாவில் காப், ரத்தத்தில் கால்சியத்தைக் குறைக்கும் கால்சிடோனின் ஹார்மோனைக் கண்டுபிடிச்சார். அது தைராய்டின் 'சி' செல்களில் சுரக்குதுன்னு பிறகு தெரிஞ்சது. மெடுல்லரி புற்றுநோய் அந்தச் செல்களிலிருந்துதான் வருதுன்னு 1966ல் வில்லியம்ஸ் சொன்னார். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனையிலேயே இதைப் பிடிக்க முடிஞ்சது. இந்தச் செல்கள் அயோடினை உறிஞ்சாது. அதனால கதிரியக்க அயோடின் சிகிச்சையும் இதுக்குப் பலன் தராது.

1993ல் 'ரெட்' மரபணு பிடிபட்டது. மெடுல்லரி நோயாளிகளில் ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு இது பரம்பரையா வருது. அவங்க பிள்ளைகள் ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1886ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 18 வயசுப் பொண்ணு ஒருத்தி இறந்தாள். ரெண்டு அட்ரினலிலும் கட்டி. ஃப்ரேங்கல் என்ற மருத்துவர் அதை எழுதி வெச்சார். 2007ல் அவளோட உறவினர்களைத் தேடிப்பிடிச்சுச் சோதிச்சப்போ, அவங்ககிட்ட அதே 'ரெட்' மாற்றம் இருந்தது. 121 வருஷம் கழிச்சு நோய்க்குக் காரணம் கிடைச்சது!

அதே 2007ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், இந்தப் புற்றுநோயில் தங்களுடைய 20 வருஷ அனுபவத்தைக் கட்டுரையா வெளியிட்டாங்க. அரியலூர் தனி மாவட்டமா மறுபடி பிரிஞ்சதும் அந்த வருஷம்தான். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022ல் திறந்தாங்க.

ஊசி போட்டுச் செல் எடுக்கும் சோதனை மட்டும் சில நேரம் ஏமாத்திடும். சந்தேகம் இருந்தா கால்சிடோனின் பார்க்கணும். அறுவை சிகிச்சைக்கு முன்னாடி அட்ரினலையும் பார்த்தே ஆகணும். அங்கே கட்டி இருக்குறது தெரியாம மயக்க மருந்து கொடுத்தா ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்து.

நம்ம பக்கத்துல பொண்ணு கல்யாணம் தட்டிப் போயிடும்னு வீட்டில் இருக்கிற நோயை மறைக்கிறவங்க இருக்காங்க. இந்த நோயில் அந்த மறைப்புக்கு விலை கொடுக்கப் போறது அடுத்த தலைமுறை. "சித்தப்பாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது"ங்கிற ஒரு வார்த்தை போதும், மருத்துவர் சரியான சோதனைக்கு எழுதிக் கொடுக்க. தயங்காம சொல்லுங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.