கேரள நூலக இயக்கம்

கேரளத்தின் சிற்றூர்களில் மக்களே தொடங்கி, தாங்களே குழு அமைத்து நடத்திவரும் வாசகசாலைகளை ஒன்றிணைத்த பண்பாட்டு இயக்கம். 'கிரந்தசாலா சங்கம்' என்ற பெயரில் வளர்ந்தது.

தோற்றம்

திருவனந்தபுரத்தில் 1829இலேயே பொது நூலகம் ஏற்பட்டது. தலைநகருக்கு வெளியே ஊர்தோறும் நூலகம் முளைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். சமூகச் சீர்திருத்தமும் விடுதலைப் போராட்டமும் அதற்கு உரமிட்டன. மலபாரில் விவசாயிகள் இயக்கமும் வாசகசாலைகளை வளர்த்தது. 1926இல் நீலம்பேரூரில் பி. என். பணிக்கர் (1909–1995) தொடங்கிய 'சனாதன தர்மம்' வாசகசாலை இவற்றுள் குறிப்பிடத்தக்கது.

சங்கம்

1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழை பி. கே. நினைவு நூலகத்தில் 47 நூலகங்களின் பிரதிநிதிகள் கூடி, அனைத்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை நிறுவினர். திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். கேரள மாநிலம் உருவானபின் சங்கத்தின் எல்லை மாநிலம் முழுவதும் விரிந்தது. செயலாளராக இருந்த பணிக்கர் ஊர் ஊராகச் சென்று, நூலகம் இல்லாத இடங்களில் அதற்கான குழுக்களை அமைத்தார். முதியோர் எழுத்தறிவுப் பணிக்காகச் சங்கம் 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதைப் பெற்றது. 1991இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டதில் இந்த வாசகசாலைகளின் பங்கு பெரிது.

சட்டமும் நிர்வாகமும்

மலபார் சென்னை மாகாணத்தில் இருந்ததால், அங்கே 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1977இல் சங்கத்தின் நிர்வாகத்தை அரசு ஏற்றது. 1989இல் கேரளம் முழுவதற்கும் பொதுவான நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி தாலுகா, மாவட்டம், மாநிலம் என மூன்று நிலைகளில் நூலக கவுன்சில்கள் தேர்தல் வழியே அமைகின்றன. கட்டட வரியில் ரூபாய்க்கு 5 காசு நூலக வரியாகச் சேர்கிறது. இணைந்த நூலகங்கள் தரம் பிரிக்கப்பட்டு மானியம் பெறுகின்றன.

ஊர் வாழ்வில்

வாசகசாலைகளில் சிறுவருக்குப் பாலவேதியும் பெண்களுக்கு வனிதா வேதியும் இயங்குகின்றன. நூல் விவாதம், நாடகம், கருத்தரங்கு, போட்டித்தேர்வுப் பயிற்சி ஆகியவையும் நடக்கின்றன. பணிக்கர் மறைந்த சூன் 19, வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஊர்க்குழுக்கள் உருவாகிவிட்டன. அரசின் பணம் பின்னால் வந்தது. நூலக நிர்வாகத்தில் வாசகரின் வாக்குக்கு இடம் தந்ததே இவ்வியக்கத்தின் தலையாய சாதனை.