டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பாடம்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மாலை வேளையில் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடைபெறுவதுண்டு. தாயோ தந்தையோதான் ஆசிரியர். பலகையில் 'அ, ஆ' எழுதும் குழந்தையே மாணவர். நமக்கே இலக்கணம் சரிவரத் தெரியாதே, எங்ஙனம் கற்பிப்பது என்று அவ்வாசிரியர் உள்ளூரக் கூசுவதும் உண்டு. நூறாண்டுகளுக்கு முன்னர், இக்கூச்சத்துக்கு முற்றும் இடமிருந்த ஒரு வகுப்பு தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றது. அதன் தமிழாசிரியர் காந்தியடிகள்.

டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிறை சென்றோரின் குடும்பங்களுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. அடிகளின் நண்பரும் கட்டிடக் கலைஞருமான காலன்பாக், ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் சுமார் 1,100 ஏக்கர் நிலத்தை 1910-ஆம் ஆண்டு மே மாதத்தில் வாடகையின்றி அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஹிந்து, முஸ்லிம், பார்ஸி, கிறிஸ்தவக் குழந்தைகள் அங்கே ஒரு குடும்பமாக வளர்ந்தனர். சிறு சம்பளத்துக்கு அத்தனை தொலைவு வந்து கற்பிக்க யார் முன்வருவர்? எனவே பண்ணையில் இருந்தவர்களே ஆசிரியர்களாயினர்.

காலையில் வேலை: குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், சுமை தூக்குதல். காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் அடிகள் கற்றார். அடிகளிடம் பிள்ளைகள் கற்றனர். ஆசிரியர் தாம் செய்யாத எதையும் மாணவரைச் செய்யச் சொல்லலாகாது என்பது அங்கே விதி. ஏட்டுப் படிப்பு நண்பகல் உணவுக்குப் பின்னரே. அதுவும் மூன்று பாடவேளைகளுக்கு மேற்படாது. உழைத்துக் களைத்தவர்களுக்கு உறக்கம் வராமலிருக்குமா? ஆசிரியருக்கே கண் சொருகும். முகத்தில் நீரைத் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தனராம்.

தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். பேச்சுத் தமிழ் ஓரளவு வரும். எழுத்து அறவே தெரியாது. அடிகளுக்கோ, கப்பற் பயணங்களிலும் சிறையிலும் கற்ற சிறிதளவு தமிழே கைம்முதல். ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கைந்நூலுக்கு அப்பால் அவர் சென்றதில்லை. அந்நிலையில் எழுத்தையும் இலக்கணத்தின் தொடக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால், மாணவரே மொழிபெயர்ப்பாளராயினர். பேச்சில் ஆசிரியரை வென்றுவிடலாம் என்பதை அப்பிள்ளைகள் அறிவர். ஆசிரியரும் தமது அறியாமையை ஒருநாளும் மறைத்ததில்லை. ஆகவே அவர்களுடைய மரியாதையையும் அன்பையும் அவர் இழக்கவில்லை. இவ்வகுப்பின் உயிர் இதில்தான் இருந்தது என்பது என் கருத்து. தம்மோடு சேர்ந்து கற்பவர் என்று கண்ட ஆசிரியரிடம் பிள்ளைகளுக்கு அச்சம் ஏது?

ஆனால், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. 1897-ஆம் ஆண்டில் டர்பனில் குடியேறியபோது, ஐரோப்பியப் பிள்ளைகளின் பள்ளியில் தம் மக்களைச் சேர்க்கும் வாய்ப்பு அடிகளுக்கு இருந்தது. ஏனைய இந்தியருக்குக் கிட்டாத சலுகையைத் தாம் மட்டும் பெற அவர் மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே கற்பிக்க முற்பட்டார். மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில மாதையும் அமர்த்தினார். எனினும் பொதுப்பணி நேரத்தையெல்லாம் விழுங்கிற்று. மக்கள் மனத்தில் குறை வளர்ந்தது. இங்கிலாந்து சென்று படிக்கும் வாய்ப்பு பின்னர் வந்தபோது, அது மூத்த மகன் ஹரிலாலுக்கன்றி வேறு இளைஞருக்கு அளிக்கப்பட்டது. 1911-இல் ஹரிலால் தந்தையைப் பிரிந்து, படிக்கவேண்டுமென்று இந்தியா திரும்பினார். தம் மக்களின் குறையில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை அடிகளே தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டுள்ளார். கொள்கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக் கல்விக்குப் பெற்றோர் தர வேண்டிய விலை நேரம். அந்த விலையை அவராலேயே முழுவதும் தர இயலவில்லை.

1913-இல் பண்ணை வாழ்க்கை முடிவுற்றது. தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் படியேறாமல் வளர்ந்த மணிலால், 'இந்தியன் ஒப்பீனியன்' இதழைப் பல ஆண்டுகள் நடத்தி 1956-இல் மறைந்தார். கடைசி மகன் தேவதாஸ் 1918-ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞராகச் சென்னைக்கு வந்தார்; தமிழர்களுக்கு ஹிந்தி கற்பிக்கும் ஆசிரியராக.