பலவீனரின் நடையே அளவுகோல்: மினா வழித்தடத்தின் வரலாற்றுப் பாடம்

பல இலட்சம் மக்கள் ஒரே திசையில், ஒரே நாளில், ஒரே இலக்கு நோக்கி நடக்கும் பெருநடை ஹஜ்ஜைப் போல் உலகில் அரிது. அதில் இளைஞரும் முதியோரும் நோயுற்றோரும் பார்வையற்றோரும் ஒன்றாகவே செல்கின்றனர். அனைவரும் பாதுகாப்பாகச் சென்று திரும்ப வேண்டுமெனில், அந்நடை யாருடைய வேகத்திற்கேற்ப அமைய வேண்டும் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கான விடை ஹிஜ்ரி 10ஆம் ஆண்டின் இறுதி ஹஜ்ஜிலேயே தரப்பட்டுவிட்டது.

அரஃபாவிலிருந்து திரும்புகையில் பின்னாலிருந்து அதட்டலும் ஒட்டகங்களை அடிக்கும் ஓசையும் எழுந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் சைகை செய்து அமைதி காக்கப் பணித்தார்கள். விரைவதில் நன்மை இல்லை என்றும் உணர்த்தினார்கள். கனத்த உடலும் மெதுவான நடையும் கொண்டிருந்த அன்னை ஸவ்தா (ரழி), கூட்டத்தின் நெருக்கடிக்கு முன்பே முஸ்தலிஃபாவிலிருந்து புறப்பட அனுமதி கேட்டுப் பெற்றார். தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாமே என அன்னை ஆயிஷா (ரழி) பின்னர் எண்ணியதுண்டு. குடும்பத்தின் பலவீனர்கள் இரவிலேயே முன்னதாக அனுப்பப்பட்டனர். சிறுவராயிருந்த இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களுள் ஒருவர். நோயுற்ற அன்னை உம்மு ஸலமா (ரழி) மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்தார். ஒட்டகம் மேய்ப்போருக்கும், ஹாஜிகளுக்கு நீர் வழங்கும் பணியிலிருந்த அப்பாஸ் (ரழி) அவர்களுக்கும் மினாவில் இரவு தங்குவதிலிருந்து விலக்களிக்கப்பட்டது.

இவற்றைத் தனித்தனிச் சலுகைகளாகவே நாம் படித்துப் பழகியுள்ளோம். ஒன்றாக வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்குமுறை புலனாகிறது. கூட்டத்தை நேரத்தால் பிரித்தல், வேகத்தைத் தணித்தல், நடக்க இயலாதோருக்கு மாற்றுவழி அளித்தல், பணியாளருக்கு வணக்கத்தில் நெகிழ்வு தருதல் ஆகியவை இன்றைய கூட்ட மேலாண்மையின் அடிப்படைகளும் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டில் கப்பலும் விமானமும் ஹாஜிகளின் எண்ணிக்கையைப் பன்மடங்காக்கின. மினாவின் பள்ளத்தாக்கோ விரியவில்லை. 1990 ஜூலை 2 அன்று மஅய்ஸிம் நடைபாதைச் சுரங்கத்தில் 1,426 பேர் உயிரிழந்தனர். கல்லெறியும் ஜம்ராக்களை ஒட்டி 1994இல் 270 பேரும், 1998இல் குறைந்தது 118 பேரும், 2004இல் 251 பேரும், 2006 ஜனவரி 12 அன்று குறைந்தது 346 பேரும் மாண்டனர்.

நெரிசலில் இறப்போர் ஓடும் மக்களால் மிதிபட்டே இறக்கின்றனர் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவர்களுட் பலர் நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமின்றி மூச்சடங்கி இறக்கின்றனர். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவிற்கு நெருக்கம் மிகும்போது தனிமனிதர் தம் அசைவின்மீது கட்டுப்பாட்டை இழக்கிறார். கூட்டம் நீர்மம்போல் அலைவீசத் தொடங்குகிறது. 2006 விபத்தின் நிகழ்படப் பதிவுகளை டிர்க் ஹெல்பிங் குழுவினர் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். சீரான ஓட்டம் முதலில் நின்று நின்று நகரும் அலையாகவும், பின்னர் எத்திசையிலும் மக்களைத் தூக்கியெறியும் கொந்தளிப்பாகவும் மாறியதை அவ்வாய்வு காட்டிற்று. ஆதலின் அங்கிருந்தோரின் பொறுமையின்மையை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அதனை அறிந்து தடுக்க வேண்டியவர் வழியை அமைப்பவரே.

இவ்வுணர்வு படிப்படியாக வடிவம் பெற்றது. 2004 விபத்திற்குப்பின், சுற்றிலும் மக்கள் மொய்த்த ஜம்ராத் தூண்கள் நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டன. நடந்துகொண்டே எறிந்துவிட்டு அப்பால் செல்ல இது வழிசெய்தது. 2006 விபத்தையடுத்துப் பழைய பாலம் இடிக்கப்பட்டு, தரைத்தளத்துடன் ஐந்து தளங்கள் கொண்ட புதிய அமைப்பு எழுந்தது. நுழைவும் வெளியேற்றமும் பிரிக்கப்பட்டதால், எதிரெதிர்த் திசைகளில் வருவோர் மோதிக்கொள்ளும் நிலை அங்கு நீங்கிற்று. 2010 முதல் அரஃபா, முஸ்தலிஃபா, மினா ஆகியவற்றை இணைக்கும் இரயிலும் ஓடுகிறது.

கட்டடத்தோடு ஃபிக்ஹும் துணைநின்றது. தஷ்ரீக் நாள்களில் நண்பகல் சாய்ந்த பின்னரே கல்லெறிய வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. எனினும் புறப்படும் நாளில் அதற்கு முன்பும் எறியலாம் என்னும் கருத்து இமாம் அபூ ஹனீஃபாவிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. கத்தரின் அறிஞர் அப்துல்லாஹ் பின் ஸைத் ஆல மஹ்மூத் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நெகிழ்வை விரிவாக வலியுறுத்தியபோது கடும் மறுப்பைச் சந்தித்தார். இயலாதோர் பிறரைக் கொண்டு எறியச் செய்வதும் சட்ட நூல்கள் ஏற்ற வழியே.

ஆயினும் பாலம் மட்டும் போதாது என்பதை 2015 செப்டம்பர் 24 உணர்த்தியது. மினாவின் 204, 223ஆம் சாலைகள் சந்திக்குமிடத்தில், அதாவது பாலத்திற்குச் செல்லும் வழியில் நெரிசல் ஏற்பட்டது. சவூதி அரசு அறிவித்த எண்ணிக்கை 769; பல நாடுகளின் தகவல்களைத் தொகுத்த அசோசியேட்டட் பிரஸ் கணக்கிட்டதோ 2,400க்கும் மேல். 2024இல் கடும் வெப்பத்தில் இறந்த 1,301 பேரில் 83 விழுக்காட்டினர் அனுமதிச் சீட்டில்லாதோர் என அரசு தெரிவித்தது. அனுமதியற்றோருக்குக் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் எட்டவில்லை. பட்டியலில் இல்லாதவரும் வெயிலில் நடப்பவரே என்பதை இவ்விறப்புகள் நினைவூட்டுகின்றன.

ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் விதியைக் காட்டும் குரல் எழுவதுண்டு. 1990இல் மன்னர் ஃபஹ்தும் நிகழ்ந்ததை இறைநாட்டம் என்றே விளக்கினார். இறைநாட்டத்தை மறுப்பவர் முஸ்லிமல்லர். அதனைப் பொறுப்பிலிருந்து விடுபடும் வாயிலாக்குதல் வேறு. கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் ஸர்க் என்னுமிடத்திலிருந்து மக்களைத் திருப்பி அழைத்துச் சென்ற கலீஃபா உமர் (ரழி), அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார். மக்களைத் தலைமையேற்று நடத்துவோரின் கடமை அதில் தெளிவாகிறது.

தொழுகை நடத்துபவர் பின்னிற்போரில் மிகப் பலவீனரைக் கருத்திற்கொள்ள வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரழி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். சில வரிசைகளுக்கு உரிய அந்நெறி இலட்சக்கணக்கானோரின் நடைக்கும் உரியதே. ஹஜ்ஜுக்கு மட்டுமின்றி, மக்கள் திரளும் எந்த ஊர்வலத்திற்கும், நாம் நடத்தும் மாநாட்டுப் பேரணிக்கும் வழி வகுப்போர் முதலில் அளக்க வேண்டியது மிக மெதுவாக நடப்பவரின் காலடியையே.